பதினாறு பேருக்கு ஒரு பாடசாலை

அநீதியான சட்டம் ஒன்று நாட்டிலே நிலவுகின்றது. அதை மாற்றும் வல்லமை உங்களிடம் இல்லை. ஆயினும் அச்சட்டத்தின் கைக்கு எட்டாத ஓரிடத்திலே, சில பிள்ளைகளுக்கு மட்டும் நல்லதொரு பாடசாலையை அமைத்துக் கொடுக்க உங்களால் இயலும். அங்கே கட்டணம் உண்டு. எல்லாரையும் சேர்க்க இடமில்லை. பத்துப் பேருக்குக் கதவு திறக்கும்போது பத்தாயிரம் பேர் வெளியே நிற்பர். அப்படியொரு பாடசாலையை அமைப்பது அறமா? அல்லது அநீதிக்குப் பக்கத்தாலே ஒரு பாதை வெட்டிக்கொண்டு மனச்சாட்சியை உறங்கவைக்கும் செயலா?

வாசகரே, இக்கேள்வியை வெறும் தர்க்கமாக வைத்துக்கொண்டால் இரு பக்கத்துக்கும் நியாயங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். பட்டிமன்றத்துக்கு அது நல்லது. பிள்ளையை எங்கே படிக்கவைப்பது என்று யோசிக்கும் பெற்றோருக்கு அதனாற் பயன் குறைவு. ஆகவே உண்மையாக நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆபிரிக்காவின் தெற்கே சுவாசிலாந்து என்று ஒரு சிறு நாடு இருந்தது; 2018 முதல் அதன் பெயர் எஸ்வாத்தினி. அதன் தலைநகரான இம்பபானேக்கு மேலே ஒரு குன்றில் இருக்கிறது வோட்டர்போர்ட் கம்லாபா என்னும் தனியார் சர்வதேசப் பாடசாலை. அதன் கதை அந்தக் குன்றிலே தொடங்கவில்லை. எல்லைக்கு அப்பால், தென்னாபிரிக்காவிலே தொடங்கியது.

1953 ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்க அரசாங்கம் பாந்து கல்விச் சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவரை கறுப்பினப் பிள்ளைகளின் கல்வி பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளின் கையிலே இருந்தது. புதிய சட்டம் அதை அரசின் கைக்கு மாற்றியது. காரணத்தை மறைக்கவும் அவர்கள் சிரமப்படவில்லை. பொறுப்பான மந்திரி வெர்வூர்ட், வெள்ளையர் சமுதாயத்திலே சில வகைக் கூலி வேலைகளுக்கு மேலாகக் கறுப்பருக்கு இடமில்லை என்றும், ஆகவே அதற்கு மேற்பட்ட கல்வியை அவர்களுக்குக் கொடுப்பதிற் பொருளில்லை என்றும் கருத்துப்படப் பகிரங்கமாகவே பேசினார். பிள்ளை வளர்ந்து என்னவாக வேண்டும் என்பதை அதன் தோலின் நிறத்தைப் பார்த்து முதலே தீர்த்துவிட்டு, அதற்கேற்ற பாடத்திட்டத்தைப் பிறகு எழுதினார்கள்.

மிஷன் பாடசாலைகள் முன் மூன்று வழிகள் இருந்தன. பாடசாலையை அரசிடம் ஒப்படைக்கலாம், மூடிவிடலாம், அல்லது உதவி நன்கொடை இல்லாமல் சொந்தக் காசிலே நடத்திப் பார்க்கலாம். மூன்று வழியிலும் போனவர்கள் கிறிஸ்தவர்களே என்பதை மறந்துவிடாதீர்கள். ஒப்படைத்தவர்கள், பிள்ளை தெருவிலே நிற்பதிலும் பார்க்கக் கெட்ட பாடசாலையிலாவது இருக்கட்டும் என்றார்கள். ஜோகன்னஸ்பேர்க்கின் அங்கிலிக்கன் ஆயர் அம்புரோஸ் ரீவ்ஸ், அடிமைத்தனத்தைக் கற்பிக்கத் தம் கட்டடங்களைத் தரமாட்டேன் என்று தம் மறைமாவட்டத்துப் பாடசாலைகளை மூடினார். கத்தோலிக்க ஆயர்கள் மூன்றாவது வழியிற் சென்றார்கள். 1955 இல் நாடெங்கும் பணம் திரட்டினார்கள். கன்னியரும் ஆசிரியரும் குறைந்த வேதனத்திலே நெடுங்காலம் தாக்குப்பிடித்தார்கள். ஆயினும் காசில்லாமற் பல பாடசாலைகள் காலப்போக்கில் மூடவேண்டியே வந்தது.

இதை வாசிக்கும்போது நம்மில் மூத்தவர்களுக்கு 1960, 61 ஆம் ஆண்டுகள் ஞாபகம் வருவது இயல்பே. அரசு நம் பாடசாலைகளைப் பொறுப்பேற்க முன்வந்தபோது, பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களுக்குள்ளேயே குடியிருந்து காவல் காத்தார்கள். கட்டணமும் அறவிடாமல், அரச உதவியும் பெறாமல் சில பாடசாலைகளைத் தனியாக நடத்துவது என்ற பாரமான முடிவை நம்மவர்களும் எடுத்தார்கள். எனினும் இரண்டையும் ஒரே தராசிலே வைப்பது நியாயமாகாது. இங்கே சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமவாய்ப்பு என்ற பெயரால் வந்தது. அங்கே ஓரினத்தின் பிள்ளைகளை என்றென்றும் கூலியாட்களாக வைத்திருப்பதற்காகவே வந்தது.

ஜோகன்னஸ்பேர்க்கின் ரொசெற்றன்வில் பகுதியிலே அங்கிலிக்கன் துறவிகள் நடத்திய புனித பேதுரு பாடசாலை அன்று கறுப்பின மாணாக்கருக்குப் பேர்பெற்ற விடுதிப் பாடசாலையாக விளங்கியது. பிற்காலத்திலே ஆபிரிக்க தேசிய காங்கிரசை நாடுகடந்து நின்று வழிநடத்திய ஒலிவர் தம்போ அங்கே மாணவனாகவும், பின்னர் கணித, விஞ்ஞான ஆசிரியராகவும் இருந்தவர். நிறவெறியை எதிர்த்த துறவி ட்ரெவர் ஹடில்ஸ்டனின் பெயரும் அந்தப் பாடசாலையோடு சேர்ந்தது. 1955 இல் மைக்கல் ஸ்டேர்ன் என்ற ஆங்கிலேயர் அதற்குத் தலைமையாசிரியராக வந்து சேர்ந்தார். வந்தவரின் கையிலே தரப்பட்டது மூடுவிழாவுக்கான திறப்பு. அடுத்த ஆண்டே பாடசாலை மூடப்பட்டது. அந்த வளவிலே பின்பு வெள்ளைப் பிள்ளைகளுக்கான தனியார் பாடசாலை ஒன்று எழுந்தது. அதற்கும் ஸ்டேர்ன் அவர்களே அதிபரானார்.

இந்த இடத்திற் சற்று நின்று யோசியுங்கள். அதே சுவர்கள், அதே விளையாட்டு மைதானம், அதே அதிபர். பிள்ளைகள் மட்டும் வேறு. அந்த வேலையிலே அவர் இருந்திருக்கலாம். நல்ல பள்ளி, நல்ல சம்பளம், குற்றஞ்சாட்ட யாரும் இல்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்கும் நல்லாசிரியர் வேண்டுந்தானே என்று தமக்குத்தாமே சொல்லியிருக்கவும் முடியும். அவர் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. எல்லா நிறத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் பாடசாலை தென்னாபிரிக்க மண்ணிலே சட்டப்படி முடியாத காரியம் என்று கண்டபின், பக்கத்திலே அப்போது பிரித்தானியப் பாதுகாப்பிலிருந்த சுவாசிலாந்தைப் பார்த்தார். நண்பர்களிடம் பணம் திரட்டி, இம்பபானேக்கு அருகே வோட்டர்போர்ட் என்ற பெயருடைய ஒரு பண்ணை நிலம் வாங்கப்பட்டது. மொசாம்பிக்கிலே தொழில் புரிந்த போர்த்துக்கேயக் கட்டடக்கலைஞர் பாஞ்சோ குவெடெஸ் கட்டடங்களுக்கு வரைபடம் தந்தார். 1963 பெப்ரவரியிலே பாடசாலை திறந்தது. சேர்ந்தவர்கள் பதினாறு பையன்கள்.

பதினாறு! நம்முடைய ஞாயிறு மறைக்கல்வி வகுப்பொன்றிலே கூட இதிலும் அதிகம் பிள்ளைகள் இருப்பார்கள்.

அந்தப் பதினாறு பேர் செய்த அதிசயம் என்னவென்றால், ஒன்றுமில்லை. ஒரே மேசையிற் சாப்பிட்டார்கள், ஒரே விடுதியிற் படுத்தார்கள், ஒரே வகுப்பிற் கணக்குப் பிழைவிட்டார்கள். தென்னாபிரிக்காவிலே பாடசாலையும் வைத்தியசாலையும் புகையிரதப் பெட்டியும் பூங்காவின் ஆசனமும் நிறப்படி பிரிக்கப்பட்டிருந்த காலம் அது. விடுமுறைக்கு வீடு போகும் இரு நண்பர்கள், எல்லையைத் தாண்டியதும் ஒரே ஆசனத்தில் அமர முடியாதவர்களாகிவிடுவார்கள். விடுமுறை முடிந்து திரும்பி வந்தால் மறுபடியும் ஒரே மேசை. பதின்மூன்று வயதுப் பையனுக்கு நிறவெறி என்றால் என்னவென்று விளக்குவதற்கு இதைவிடப் பாடப்புத்தகம் வேண்டியதில்லை.

1967 இல் அந்நாட்டு மன்னர் இரண்டாம் சோபூசா 'கம்லாபா' என்ற பெயரைப் பாடசாலைக்கு வழங்கினார். அவர்கள் மொழியிலே அச்சொல்லின் வேருக்கு மண் என்றும் பொருள், உலகம் என்றும் பொருள். நிறவேற்றுமையின்றி எல்லாரும் இவ்வுலகத்துக்குரியவர்கள் என்பது கருத்து. (அதே மன்னர் 1973 இல் அரசியல் யாப்பைத் தள்ளிவைத்து அரசியற் கட்சிகளைத் தடைசெய்தார் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நல்ல பெயர் சூட்டுவோரெல்லாம் எல்லாவற்றிலும் நல்லவர்களாயிருப்பதில்லை.)

நாளடைவில் பெண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். யார் யாருடைய பிள்ளைகள் அங்கே போனார்கள் என்று பார்த்தால் நம் கேள்வியின் கூர்மை விளங்கும். ஆயுட்சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் மகள்மார் செனானியும் சின்சியும் அங்கே படித்தார்கள். பாந்து கல்விச் சட்டத்தின் கீழ்க் கற்பிக்கமாட்டேன் என்று ஆசிரியத் தொழிலையே உதறிவிட்டுப் பின்பு குருவாகி, ஆயராகி, 1984 இல் நோபல் சமாதானப் பரிசு பெற்ற டெஸ்மன்ட் டுட்டு தம் பிள்ளைகளை அங்கே அனுப்பினார். பொட்சுவானாவின் முதல் சனாதிபதி செரெட்சே காமாவின் மகன் ஒருவரும் அங்கே படித்தவர். அவருடைய தாய் ஓர் ஆங்கிலேயப் பெண். அத்தகைய விவாகம் தென்னாபிரிக்காவிலே 1949 முதல் சட்டவிரோதமாயிருந்தது. இவர்களோடு, நிறவெறியை வெறுத்த வெள்ளைப் பெற்றோர் சிலரின் பிள்ளைகளும் படித்தார்கள்.

இப்பொழுது எதிர்வாதத்தைக் கேட்போம். அது இலேசான வாதமன்று.

தலைவர்களுடைய பிள்ளைகள் போனார்கள், சரி. மற்றவர்களுடைய பிள்ளைகள்? 1976 யூன் 16 ஆம் திகதி, பாடங்களிற் பாதியை ஆபிரிக்கான்ஸ் மொழியிற் கற்கவேண்டும் என்ற கட்டளையை எதிர்த்து சொவெற்றோ மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். பொலிசார் சுட்டார்கள். அன்று விழுந்தவர்களில் ஹெக்டர் பீற்றர்சன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒருவன். அவன் பிறந்தது 1963 இல். குன்றின் மேலே பாடசாலை திறந்த அதே வருடம். அவனுக்கும் அவன் வகுப்பிலிருந்தவர்களுக்கும் அந்தப் பாடசாலையால் என்ன பயன்? கேட்பவரைக் கடிந்துகொள்ள முடியாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நல்லவர்கள் திரட்டிய பணமும் உழைப்பும் எல்லைக்கு அப்பால் ஒரு குன்றிலே கொட்டப்பட்டன. சொவெற்றோவின் வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன.

இன்னொன்றும் சொல்வார்கள். புலமைப்பரிசில் என்பது பார்வைக்குத் தர்மம். ஆனால் கிராமத்தின் கெட்டிக்காரப் பிள்ளையைத் தெரிந்தெடுத்து வெளியே கொண்டுபோவது அது. போன பிள்ளை திரும்பி வருமா? வந்தாலும் பழைய மொழியிலே பேசுமா? எஞ்சிய பிள்ளைகளுக்காக வாயைத் திறக்கக்கூடிய ஒரு பிள்ளையை அல்லவா அந்த ஊர் இழக்கிறது?

மூன்றாவது ஆட்சேபம் நம் திருச்சபையின் சரித்திரத்திலிருந்தே வருகிறது. 1976, 77 ஆம் ஆண்டுகளிலே தென்னாபிரிக்கக் கத்தோலிக்கக் கன்னியர் சிலர் வெள்ளையருக்கென்று இருந்த தங்கள் பாடசாலைகளிலே கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். சட்டம் இடந்தரவில்லை. பாடசாலையின் பதிவை இரத்துச் செய்வோம் என்று அதிகாரிகள் பயமுறுத்தினார்கள். கன்னியர் பின்வாங்கவில்லை, ஆயர்களும் அவர்கள் பக்கம் நின்றார்கள். எல்லையைத் தாண்டிப் போகாமல், சட்டம் நின்ற அதே வாசலிலே பிள்ளையைக் கையிற் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் குன்றின் மேலிருந்த பாடசாலை பாதுகாப்பான ஒரு வீரமாகத் தோன்றவில்லையா?

தோன்றுகிறது. ஆயினும் அந்தக் கன்னியர் கதவைத் திறந்தபோது, இப்படிச் சேர்த்தால் என்ன நடக்கும் என்று பயந்த பெற்றோருக்குக் காட்ட அயலிலே ஓர் உதாரணம் இருந்தது. பதின்மூன்று வருடமாக வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் இந்தியப் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்துகொண்டிருந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. நிறவெறிச் சட்டம் வெறும் பொலிஸ் பலத்தினால் மட்டும் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 'இவர்கள் ஒன்றாய் வாழமாட்டார்கள். பிரித்து வைப்பதே இருவருக்கும் நன்மை' என்ற ஒரு கூற்றின் மேலே அது நின்றது. அக்கூற்றைப் பொய்யாக்குவதற்கு இலட்சம் பேர் தேவையில்லை. பதினாறு பேர் போதும். இவ்வளவில் ஸ்டேர்ன் செய்தது சரி என்பதே என் துணிபு.

ஆனால் சாட்சி வேறு, சோறு வேறு. ஒரு பொய்யைப் பொய்யென்று காட்டிவிட்டதால் சொவெற்றோச் சிறுவனுக்கு ஒரு புத்தகங்கூடக் கிடைக்கவில்லை. பாடசாலை நல்லதென்று சொல்வதனால் வெளியே நின்றவர்களின் கணக்குத் தீர்ந்துவிடாது. ஒன்று மற்றதை ஈடுசெய்யும் என்று நினைக்கும் இடத்திலேதான் நல்லவர்களும் வழுக்கி விழுகிறார்கள்.

மண்டேலாவை எடுத்துக்கொள்ளுங்கள். தன் இனத்தின் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் சிறை சென்ற மனிதர் தன் பிள்ளைகளை மட்டும் கட்டணப் பாடசாலைக்கு அனுப்பியது முரண்பாடல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நமக்கு நெருங்கியவர்களை அதிகமாக நேசிப்பது குற்றமல்ல, அன்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு என்று அர்ச். தோமஸ் அக்குவினாஸ் விரிவாகவே எழுதியிருக்கிறார். தகப்பன் தன் பிள்ளையின் பசியை முதலிற் பார்ப்பான், பார்க்கவும் வேண்டும். ஆனால் முதலிற் பார்ப்பது என்றால், இரண்டாவதாகப் பார்ப்பதற்கும் ஒன்று இருக்கவேண்டுமல்லவா? 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி பற்றி வெளியிட்ட ஏடு, எந்த இனத்தவராயினும் எந்த நிலையினராயினும் எல்லா மனிதருக்கும் கல்விக்குப் பறிக்கமுடியாத உரிமை உண்டு என்கிறது. கட்டணம் கட்டவல்லவர்களின் பிள்ளைகளுக்கு என்று அது சொல்லவில்லை. மண்டேலா தன் பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலை தேடினார்; அயலவர் பிள்ளைகளுக்காக இருபத்தேழு ஆண்டுகள் சிறையிலே இருந்தார். அந்த இரண்டாவது பாதியைக் கழித்துவிட்டு முதற் பாதியை மட்டும் உதாரணமாகக் காட்டுகிறவரை நான் நம்பமாட்டேன்.

நம் ஊர்களிலும் 'சர்வதேசப் பாடசாலை' என்ற பெயர்ப்பலகைகள் பெருகியிருக்கின்றன. 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் ஐந்து முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை திறப்பதைத் தடுத்தது. ஆகவே இவை கம்பனிச் சட்டத்தின் கீழ், மற்ற வியாபாரங்களைப் போலப் பதிவாகி நடக்கின்றன. அவற்றிற் பிள்ளையைச் சேர்த்த பெற்றோரைப் பழிப்பது என் நோக்கமன்று. விரும்பிய பாடசாலையிலே அனுமதி கிடைக்காமல் அலைந்தவர்களும், போரினால் ஊர்விட்டு ஊர் போய்ப் பிள்ளையின் படிப்பு குலைந்தவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். இன்னும் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். தாய்மொழிக் கல்வி வந்தபின் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் பெரும்பாலும் தனித்தனி வகுப்பிலே, தனித்தனிப் பாடசாலையிலே வளர்கிறார்கள். கொழும்பின் கட்டணப் பாடசாலை ஒன்றிலே அவர்கள் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருக்கக் காணலாம். அது சிறிய நன்மையல்ல. அந்த நன்மையைப் பெறுவதற்குத் தகப்பனின் வருமானம் ஏன் தேவைப்படுகிறது என்பதே என் மனதை அரிக்கும் விடயம்.

வோட்டர்போர்ட்டிலே 'உலகம்' என்ற சொல் பக்கத்திலே இருப்பவன் யார் என்பதைக் குறித்தது. நாம் பிள்ளைக்கு இடம் தேடிப் போகும்போது அலுவலகத்திலே என்ன கேட்கிறோம்? எந்தப் பரீட்சைக்கு அனுப்புவீர்கள், ஆங்கிலம் எப்படி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வழி உண்டா என்று கேட்கிறோம். கேட்கவேண்டிய கேள்விகள்தான். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள் எத்தனை பேரை இங்கே சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டவர் யாராவது உங்கள் தெருவிலே உண்டா?

வோட்டர்போர்ட்டின் கதை 1963 உடன் நின்றுவிடவில்லை. சுவாசிலாந்து 1968 இல் சுதந்திரம் அடைந்தது. 1981 இல் பாடசாலை ஐக்கிய உலகக் கல்லூரிகள் என்ற அமைப்பிலே சேர்ந்தது. ஹிட்லரின் ஆட்சியிலே ஜேர்மனியை விட்டு வெளியேற நேர்ந்த கேர்ட் ஹான் என்ற கல்விமானின் எண்ணத்திலிருந்து பிறந்து, 1962 இல் வேல்ஸ் நாட்டிலே முதற் கல்லூரியைத் திறந்த அமைப்பு அது. அதன் பின் பல கண்டங்களிலிருந்தும் பிள்ளைகள் அக்குன்றுக்கு வரத் தொடங்கினார்கள். 1995 முதல் 1999 வரை அவ்வமைப்பின் தலைவராயிருந்தவர், அங்கே படித்த இரு பிள்ளைகளின் தகப்பனாகிய அதே மண்டேலா.

1994 இல் தென்னாபிரிக்காவிலே எல்லாரும் வாக்களித்த தேர்தல் நடந்தது. நிறத்தின் பெயரால் எந்தப் பாடசாலையும் கதவடைக்க முடியாத நிலை வந்தது. எதை எதிர்ப்பதற்காகக் குன்றின் மேலே பாடசாலை கட்டப்பட்டதோ அந்தச் சட்டமே இல்லாமற் போயிற்று. அதன்பின் 1996 ஆம் ஆண்டின் பாடசாலைகள் சட்டம், அரச பாடசாலைகளும் பெற்றோரின் சம்மதத்துடன் கட்டணம் அறவிட இடந்தந்தது. நல்ல பாடசாலைகளின் கட்டணம் ஏறியது. முன்பு நிறத்தாற் பிரிந்திருந்த வகுப்பறைகள் பல, இன்று காசினாற் பிரிந்திருக்கின்றன.

அந்தக் குன்றின் பாதையிலே இன்று ஏறிவரும் பிள்ளையை நிறம் பார்த்துத் தடுக்க எவரும் இல்லை. அதன் தகப்பன் முன்னால் இருப்பது கட்டண விபரம் எழுதிய ஒரு தாள். புலமைப்பரிசில் கிடைத்த சிலர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் உள்ளே போகிறார்கள். அத்தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, மேசையிலே திரும்ப வைத்துவிட்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போகிறவர்களின் பெயர்களை அங்கேயும் இங்கேயும் எந்த இடாப்பிலும் எழுதுவதில்லை.